உன் மிதியால் கட்டிய தண்ணீர் அல்ல

அன்பு மகன் மாரிக்கு உன் அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் வழக்கம். உன் தங்கை அஞ்சலை அப்படி எழுதியும்விட்டாள். நான்தான் அந்த வரியை அடிக்கச் சொன்னேன். இங்கே யாரும் சுகமாக இல்லை. உன் அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். வயிறு ஒரு மூட்டையைப் போல மடியில் கிடக்கிறது. தொடைக்கு அடியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தியை வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி என்று எவன் வாயைத் திறந்தாலும் வகுந்துவிடுவேன் என்கிறார். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் ஐயா, அவரைத் தூக்கி வண்டியில் ஏற்ற நாலு ஆள் கூட்டிவரப் போயிருக்கிறார். அவர்கள் மேல் காட்டிலிருந்து பால் வாளிகளோடு இறங்கி வருவதற்குள் உனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல அஞ்சலை எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் கடிதமாக இருக்காதாம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, டிரெஸ்ஸர் வீட்டம்மாவிடம் புத்தகம் புத்தகமாக வாங்கிப் படிக்கிறவள் சொன்னால் கேட்க வேண்டியதுதான். நான் திட்டுவதை மட்டும் விட்டுவிடுகிறாள். எந்தெந்த இடத்தில் விட்டிருப்பாள் என்று உனக்குத் தெரியும், நீயே சேர்த்துக்கொள். உனக்குப் படிக்க வராது. லூமுட்டில் மீன் காயவைக்கிற கொட்டகையில் யாராவது ஒருவர்தான் இதை உனக்குப் படித்துக் காட்டுவார். அந்த ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். காதோடு காதாகப் படிக்க வேண்டாம், சத்தமாகப் படியுங்கள். அங்கே இருக்கிற நம்மாட்கள் எல்லாரும் கேட்கட்டும். குடிக்கிறவர்கள் முன்னால் வந்து உட்காரட்டும். மூடி மூடி வைத்துத்தான் நாங்கள் இந்த நிலைக்கு வந்தோம். இனி மூடுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

கருவாடு விற்க வருகிற சின்னப்பன் முந்தாநாள் வந்தான். கூடையை இறக்கும் முன்பே, "அத்தை, ஒங்க மாரி அடுத்த வாரம் தொங்கான் கப்பல்ல சுமத்ரா போறான். அப்பனைக் கொன்ன பாவிக்கு இந்த மண்ணுல என்ன வேலைன்னு கேக்குறான்" என்றான். "எவன்டா செத்தது?" என்றேன். "சாகலியா? மாமா வயிறு ஊதிப்போய்க் கெடக்காரு, இன்னைக்கோ நாளைக்கோன்னு போன தடவை நாந்தான் சொன்னேன். மாரி மிதிச்ச மிதின்னு தோட்டமே பேசுதுன்னும் சொன்னேன்" என்றான். கையில் கிடைத்த விளக்குமாற்றை அவன் மேல் வீசினேன். "என்னை ஏன் அடிக்கிறீங்க? ஊரு பேசுறதைத்தானே சொன்னேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவனைத் திரும்பக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை ஈப்போ சந்தையில் இருப்பான். அங்கே கடிதத்தைக் கொடுத்தால் நீ தொங்கானில் ஏறுவதற்குள் உன் கையில் சேர்ப்பான். ஆகவே இதை முதலில் காதில் வாங்கிக்கொள். உன் அப்பா வயிற்றில் கட்டியிருக்கிற தண்ணீர் உன் மிதியால் கட்டியதல்ல. அது எப்படி எனக்குத் தெரியும் என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் உன் மிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டேன்.

ஆவணி பிறந்து நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் கள்ளுக்கடையிலிருந்து வந்தார். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சட்டியை என் காலடியில் உடைத்தார். பிறகு சுவரில் சாத்தியிருந்த காண்டாக் கம்பை எடுத்தார். பால் வாளி தூக்குகிற கம்பு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது காதில். இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. அதனால்தான் அஞ்சலை என் வலது பக்கம் உட்கார்ந்து எழுதுகிறாள். நீ விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்தாய். முதல் மிதியில் அவர் கையிலிருந்த கம்பு விழுந்தது. இரண்டாவதில் அவரே விழுந்தார். தோட்டத்தில் எல்லாரும் உன்னைத் தாயைக் காப்பாற்றிய பிள்ளை என்கிறார்கள். அந்த இரண்டுக்கும் அது சரி. மூன்றாவது மிதி மிதித்தபோது அவர் கையில் ஒன்றும் இல்லை. தரையில் சுருண்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நீ ஓரடி பின்னால் போய், ஓடிவந்து வயிற்றில் மிதித்தாய். அப்போது உன் முகத்தைப் பார்த்தேன், மாரி. அது எனக்குப் புதிய முகம் அல்ல. கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து எனக்குத் தெரிந்த முகம்.

அதில் என் பங்கும் இருக்கிறது. உனக்கு ஆறு வயது இருக்கும்போது, அடுப்புக்குப் பக்கத்தில் அவர் என் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து அடித்தார். நீ அழுதாய். அவர் வெளியே போனதும் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "அழாதே சாமி, நீ பெரியவனானதும் இந்த ஆளைத் திருப்பி அடி" என்று உன் காதில் சொன்னேன். ஒரு நாள் மட்டும் சொல்லவில்லை, அடி வாங்கிய ஒவ்வொரு நாளும் சொன்னேன். சோறு ஊட்டுவது போல ஊட்டினேன். நீ சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, கேட்டுவிட்டாய். என் பிள்ளைக்கு வேறு எதையாவது சொல்லித் தந்திருக்கலாம். உன்னைக் கூட்டிக்கொண்டு பெரிய கங்காணி வீட்டு வாசலில் போய் நின்று நாலு பேர் கேட்கக் கத்தியிருக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு உன் காதில் மட்டும் சொன்னேன்.

நீ அன்றைக்கே ஓடிவிட்டாய். பத்து நாளில் அவருக்கு வயிறு பெருத்தது. முதலில் கள் குடித்த உப்புசம் என்றார். பிறகு வேட்டி நிற்கவில்லை. பிறகு சட்டைப் பொத்தான் மூடவில்லை. கால் இரண்டும் பூசணிப் பிஞ்சு போல மினுமினுவென்று ஆனது. அடுத்த வீட்டுக் காத்தாயி எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள என்னமோ அறுந்திருக்கு அக்கா. புள்ள மிதிச்ச எடம் பாரு, அங்கதான் வீங்குது" என்றாள். அதை நான் நம்பினேன். நம்பிய அந்த நிமிஷமே ஒரு முடிவும் எடுத்தேன். இந்த ஆளை டிரெஸ்ஸர் பார்க்கக் கூடாது. பார்த்தால் எப்படி ஆச்சு என்று கேட்பார். சொன்னால் பெரிய துரைக்குப் போகும், துரையிடமிருந்து சுங்காய் டவுன் போலீசுக்குப் போகும். ஆள் செத்துவிட்டால் உன்னைத் தூக்கில் போடுவார்கள். அவருக்கு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நினைத்தேன்.

அதனால் விடிவதற்கு முன் எழுந்து, என் பழைய சேலையை நாலாக மடித்து அவர் வயிற்றை இறுக்கிக் கட்டினேன். மூச்சு முட்டுகிறது என்று கெஞ்சினார். விடவில்லை, முழங்காலைக் கொடுத்து இறுக்கினேன். மேலே உன் பெரிய சட்டையைப் போட்டுவிட்டு, நானும் அஞ்சலையும் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு நடந்து அவரைக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நிறுத்தினோம். கங்காணி பெயர் கூப்பிடுவார், இவர் "இருக்கேன்" என்பார். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் போதும், ஆள் நல்லபடியாக இருக்கிறான் என்று கணக்காகிவிடும். பிறகு மரத்தடியில் அவரைச் சாய்த்துவிட்டு, அவருடைய மர நிரையையும் சேர்த்து நாங்கள் இரண்டு பேரும் வெட்டினோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. வாத்தியார் கேட்டபோது அம்மை போட்டிருக்கிறது என்றேன். பொய் சொல்லச் சொல்ல எனக்குச் சுலபமாக வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுத அஞ்சலை யோசிக்கிறாள், எழுது என்கிறேன். அவர் அப்படிக் கிடந்த நாட்களில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கதவுச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்கவில்லை. குனிந்து ஒரு செம்பை எடுக்க முடியாத ஆள் கம்பை எப்படி எடுப்பார்? "தண்ணி குடு" என்று கேட்பார். கொஞ்சம் நேரம் கழித்துத்தான் கொடுப்பேன். உனக்காக மறைத்தேன் என்று மேலே சொன்னேனே, அது பாதிதான். மீதி எனக்காக மறைத்தேன்.

காத்தாயிதான் ஒருவனை வைத்தியர் என்று கூட்டிவந்தாள். வயிற்றில் சூடு போட்டால் கெட்ட நீர் வற்றும் என்றான். மெல்லிய கம்பியை அடுப்பில் வைத்தான். நான் தோளை அமுக்கினேன், அஞ்சலை கால்மேல் உட்கார்ந்தாள். தொப்புளைச் சுற்றி ஏழு இடத்தில் வைத்தான். தோல் அவ்வளவு இறுகி இருந்ததால் கம்பி பட்டதும் சுருங்கக்கூட இடமில்லை. உன் அப்பா போட்ட சத்தத்தில் லயமே வாசலுக்கு வந்தது. ஒருவரும் உள்ளே வரவில்லை. நான் அடி வாங்கியபோதும் அவர்கள் அப்படித்தான் வாசலில் நின்றார்கள். நாலு நாளில் ஏழு இடமும் சீழ் பிடித்தது. தண்ணீர் ஒரு துளியும் வற்றவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அவர் பேச்சு குழறியது. பகலில் தூங்கினார், எழுப்பினால் என் பெயரைக் கேட்டார். அன்றைக்கு அஞ்சலை தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு டிரெஸ்ஸர் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். "அப்பாவுக்கு வயித்துல தண்ணி, ஒரு மாசமாச்சு, அம்மா சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். டிரெஸ்ஸர் வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் முன்னாலேயே அவளைக் கன்னத்தில் அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "ஒங்கண்ணனைக் கொன்னுட்டியேடி" என்று மறுபடியும் கையை ஓங்கினேன். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அடி வாங்கும்போது நான் நிற்கிற மாதிரியே நின்றாள். இதை எழுத வேண்டாம் என்று இப்போது கெஞ்சுகிறாள். எழுது அஞ்சலை. அடித்தவள் சொல்கிறேன், எழுது.

டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர், அதட்டித்தான் பேசுவார். உன் அப்பாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "மஞ்சளைப் பாரும்" என்றார். காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. சூட்டுப் புண்ணைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஆர் இந்த வேலை பாத்தது? மாடு எண்டு நினைச்சீரோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினார். நான் அவர் காலில் விழுந்துவிட்டேன். "சாமி, எம்புள்ள தெரியாம மிதிச்சுட்டான். போலீசுக்குச் சொல்லிடாதீங்க" என்று அழுதேன். அவர் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. உன் அப்பாவின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பைச் சுற்றி ஒரு பழைய தழும்பு, கயிறு அழுந்திய கோடு. "இவரின்ரை அரைஞாண் கயிறு எங்கை?" என்று கேட்டார்.

"நாந்தான் அறுத்தேன் சாமி. இறுக்கமாப் போச்சு, தோலை வெட்டுச்சு."

"எப்ப?"

"தீமிதிக்கு முந்தி. ஆடி மாசம்."

"மகன் மிதிச்சது எப்ப?"

அப்போதுதான், மாரி, எனக்கு மாதக் கணக்கு உறைத்தது. ஆடியில் கயிற்றை அறுத்தேன். ஆவணியில் நீ மிதித்தாய். ஆடியில் கயிறு அறுத்தபோது பக்கத்தில் இருந்தவர்கள், "ஒம்புருசனுக்குத் தொந்தி போடுதுடி, நல்லா ஆக்கிப் போடுறே" என்று கேலி செய்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பெண்டாட்டி கை சோறு என்று சிரித்தேன். அப்போதே தண்ணீர் கட்ட ஆரம்பித்துவிட்டது. கள்ளும் சம்சுச் சாராயமும் வருஷக்கணக்காக ஈரலைத் தின்று தீர்த்திருக்கின்றன. "உதைச்சு உள்ளுக்கை கிழிஞ்சா ஆள் அண்டைக்கே விழுந்திருப்பான். இப்பிடி மெல்ல மெல்லத் தண்ணி கட்டாது. இது ஈரல். கயிறு இறுகின அண்டைக்கே கூட்டி வந்திருக்க வேணும்" என்றார் டிரெஸ்ஸர். ஒரு மாதம் அவர் வயிற்றைச் சேலையால் நெரித்தேனே, பொய் சொன்னேனே, சூடு போடத் தோளை அமுக்கினேனே, எல்லாம் நடக்காத ஒரு கொலையை மறைக்க.

ஈப்போ ஆஸ்பத்திரி என்றதும் மயக்கத்தில் கிடந்த ஆள் எழுந்துவிட்டார். அங்கே போனவன் பெட்டியில்தான் வருவான் என்று கத்தினார். டிரெஸ்ஸரின் நெஞ்சில் குத்தினார், மாட்டு வண்டியின் பக்கக் கட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். மூன்று பேர் விரல் விரலாகப் பிரித்தார்கள். சுங்காய் ஸ்டேஷனில் ரயில் பெட்டிப் பலகையோடு அவரைத் துண்டால் கட்டினோம். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்து அடுத்த பெட்டிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் துரை வந்து பார்த்தார். டிரெஸ்ஸரும் கூட இருந்ததால் துரை சொன்னதை எனக்குச் சொன்னார். வயிற்றின் ஓரத்தில் கூர்முனை உள்ள குழாயைக் குத்தினார்கள். நான் கண்ணை மூடவில்லை. ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும் எனக்கு. வந்தது வெளுத்த தேநீர் நிறத்தில் தண்ணீர். நிற்காமல் வந்தது. ஒரு வாளி நிறைந்தது, அடுத்த வாளி வைத்தார்கள். அதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நான் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் என் புருஷன் இறந்துவிட்டார் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

அனுப்பும்போது டிரெஸ்ஸர் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், கொட்டகையில் இருப்பவர்களும் கேளுங்கள். கெட்ட ஈரல் பழையபடி ஆகாது. தண்ணீர் மறுபடியும் கட்டும். கட்டும்போது கல்லாக இறுகும்வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்துவிட்டால், பேச்சு குழறினால், பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். உப்பைக் குறைக்க வேண்டும். கள், சம்சு நாக்கில் படக்கூடாது. நீ வலை இழுத்துவிட்டுக் குடிக்கிறாய் என்று சின்னப்பன் சொன்னான். குளிருக்கு என்பாய். உன் அப்பாவும் முதலில் அலுப்புக்கு என்றுதான் சொன்னார். கண் மஞ்சளானால், காலில் விரல் வைத்த இடம் குழியானால், இடுப்புக் கயிறு காரணமில்லாமல் இறுகினால், கயிற்றை அறுத்துவிட்டுச் சும்மா இருக்காதே. அன்றைக்கே சித்தியவானிலோ ஈப்போவிலோ டாக்டர் முன்னால் போய் நில்.

நல்லபடியாகத் திரும்பி வந்தோம் என்று முடித்தால் அஞ்சலைக்குப் பிடித்திருக்கும். அவள் படிக்கிற கதைகளில் அப்படித்தான் வருமாம். வயிறு வடிந்து, நடை வந்து, சோறு இறங்கி, பன்னிரண்டாம் நாள் உன் அப்பா கள்ளுக்கடைக்குப் போனார். திரும்பி வந்து, உப்பில்லாத குழம்பை எவன் தின்பான் என்று என்னை அடித்தார். அதே காண்டாக் கம்பு. நான் கூட்டிப்போய்ப் பிழைக்கவைத்த உடம்பில் வந்த பலத்தால் அடித்தார். அன்றைக்கு நான் கம்பை அவர் கையிலிருந்து பிடுங்கி, அவர் முழங்காலில் ஒன்று போட்டு, அடுப்பில் வைத்து எரித்தேன். அவருக்கு அதிர்ச்சி. எனக்கும்தான். இரண்டு வாரத்தில் வயிறு மறுபடியும் ஏறியது. இந்தத் தடவை எனக்கு எல்லாம் தெரியும். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியும். யாரும் என்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள் என்றும் தெரியும். மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன், மாரி. மூன்று நாளும் குழம்பு வைத்தேன், பால் வெட்டினேன், அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று காலையில் பெரட்டு முடிந்ததும் என் காலே டிரெஸ்ஸர் வீட்டுப் பக்கம் திரும்பியது. அவர் மேல் உள்ள பிரியம் என்று நினைக்காதே. பார்த்துக்கொண்டு நிற்கிறவளாக இன்னொரு நாள் நிற்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆட்கள் வருகிறார்கள், நாய் குரைக்கிறது. பிறகு சொல்கிறேன்.

இது ஈப்போ ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எழுதுவது, சனிக்கிழமை காலை. அன்று ஆட்களைப் பார்த்ததும் உன் அப்பா கத்தியை நீட்டிக்கொண்டு எழுந்தார். "கிட்ட வந்தா குடலை எடுத்துடுவேன்! தண்ணியை எடுத்தா உசிரும் கூடவே போயிடும், எனக்குத் தெரியும்லா!" என்று கத்தினார். போன தடவை எதிர்க் கட்டிலில் தண்ணீர் எடுத்த ஒருவர் இறந்ததை அவர் பார்த்திருக்கிறார், அந்தப் பயம். நாலு ஆம்பிளைகளும் நின்றுவிட்டார்கள். நான் நேராகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்தியின் வாயைக் கையால் பிடித்தேன். "குத்துய்யா. குத்திட்டு வா. ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயே போலாம்" என்றேன். அவர் இழுத்தார். என் உள்ளங்கை கிழிந்து ரத்தம் அவர் வயிற்றின் மேலேயே வழிந்தது. அதைப் பார்த்ததும் கத்தியை விட்டுவிட்டார். "ஏன்டி புடிச்சே? ஏன்டி புடிச்சே?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அவர்கள் தூக்கினார்கள். இந்தத் தடவை துண்டால் கட்ட வேண்டியிருக்கவில்லை. என் கையில் ஆறு தையல். எழுதுவது அஞ்சலைதானே, என் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

நேற்றுக் காலையில் தண்ணீர் எடுத்தார்கள். காய்ச்சல் வருவதற்கு முன்னால் கொண்டுவந்துவிட்டேன், இந்தத் தடவை நேரத்தோடு வந்தது நல்லது என்று டாக்டர் சொன்னதாக இங்கே வேலை செய்கிற தமிழர் ஒருவர் சொன்னார். எத்தனை தடவை இப்படி வரமுடியும் என்று கேட்டேன். அவர் கட்டிலடி வாளியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பிப் போனதும் நானும் அஞ்சலையும் காத்தாயி வீட்டில் இருக்கப்போகிறோம். வண்டியில் ஏறும்போதே பெரிய கங்காணியிடம் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். உன் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் வைப்பேன், கண்ணையும் காலையும் பார்ப்பேன், வண்டி கட்ட வேண்டிய அன்றைக்குக் கட்டுவேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. நீ வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வந்தால் மூன்றாவது மிதிக்காக அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். அது உனக்கே தெரியும். சுமத்ராவுக்குப் பிழைக்கத்தான் போகிறாய் என்றால் போய்வா. கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதே.

சற்று முன் அவர் கண்ணைத் திறந்தார். அஞ்சலை தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"யாருக்கு?" என்றார்.

"மாரிக்கு" என்றேன்.

"என்ன எழுதினே?"

"நீ செத்துட்டா அது அவனால இல்லேன்னு எழுதினேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் அங்கிருந்தே, எங்களைப் பார்க்காமலே சொன்னார்.

"சாகலேன்னு எழுது."

உன் அம்மா